எம்ஜிபி காரின் ஓவர்டிரைவுக்கு எண்ணெய் மாற்றுவது எப்படி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1973இல் தயாரான எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். பிரிட்டனில் பழைய கார் வாங்கும் பலருக்கும் முதல் தேர்வு அதுதான். உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும், கையேடு கிடைக்கும், சொல்லிக்கொடுக்க ஆளும் கிடைப்பார்கள். என் காரின் எஞ்சின் நன்றாக இருந்தது. தொல்லை ஓவர்டிரைவில் இருந்தது. அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைத்து ஓட்ட உதவும் கூடுதல் கியர் அது, ஒரு சுவிட்சால் இயங்கும். சுவிட்சைத் தட்டினால் நான்கைந்து விநாடி கழித்துத்தான் பிடித்தது. மேட்டில் ஏறும்போது வழுக்கியது. எஞ்சின் சுழற்சி ஏறிக்கொண்டே போகும், கார் மட்டும் வேகமெடுக்காது.

விற்றவர் கொடுத்த ரசீதுகளைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. ஒரு பணிமனையில் கியர் பெட்டிக்கு ஜிஎல்-5 வகை கியர் எண்ணெயை ஊற்றி, உராய்வைக் குறைக்கும் கலவை ஒரு புட்டியையும் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வார இறுதிகள் போயின. என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஒரே சனிக்கிழமையில் முடிந்திருக்கும். நீங்கள் அந்த ஒரே சனிக்கிழமையில் முடிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது லேகாக் நிறுவனத்தின் 'லேகாக் டி நார்மன்வில்' ஓவர்டிரைவுக்கு மட்டும் பொருந்தும். எம்ஜிபி, டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, பழைய வால்வோ போன்ற கார்களில் இருப்பது இதுதான். பழைய அமெரிக்கக் கார்களில் வரும் போர்க்-வார்னர் ஓவர்டிரைவின் அமைப்பே வேறு. அதற்கு இதைப் பின்பற்றாதீர்கள்.

1. எண்ணெய் இங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம். பின்னால் வரும் எல்லா எச்சரிக்கைகளும் இதிலிருந்து பிறப்பவைதான்.

ஓவர்டிரைவ் என்பது கியர் பெட்டியின் பின்புறம் பொருத்தப்பட்ட இன்னொரு சிறு பெட்டி. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையச் சக்கரம். கூம்பு வடிவில் ஒரு கிளட்ச் இருக்கிறது, அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் உராய்வுப் பட்டை ஒட்டியிருக்கும். சாதாரண ஓட்டத்தில் சுருள்வில்கள் அந்தக் கூம்பை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்திருக்கும், எல்லாம் ஒரே கட்டாகச் சுழலும். நீங்கள் சுவிட்சைத் தட்டியதும் சொலினாய்ட் என்ற மின்காந்தக் கருவி ஒரு வால்வை இயக்குகிறது. உள்ளே இருக்கும் பம்பு எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 400 பவுண்டு அழுத்தத்தில் பிஸ்டன்களுக்குள் தள்ளுகிறது. கூம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து, அசையாத ஒரு வளையத்தில் அழுந்தி, சூரியச் சக்கரத்தை நிறுத்துகிறது. அப்போது எஞ்சின் பக்கம் 82 சுற்று சுற்றினால் பின்சக்கரப் பக்கம் 100 சுற்று சுற்றும்.

இவ்வளவுக்கும் பயன்படுவது கியர் பெட்டியில் இருக்கும் அதே எண்ணெய். தனி எண்ணெய் கிடையாது. பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதும் அதுதான், பிஸ்டனைத் தள்ளும் தசையும் அதுதான், உராய்வுப் பட்டை நனைந்திருப்பதும் அதிலேதான். பல் வழுக்க வேண்டும், பட்டை பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே திரவம் செய்ய வேண்டும். கடைக்காரர் 'இது இன்னும் வழவழப்பானது' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

2. உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓவர்டிரைவின் பக்கவாட்டில் எண் பொறித்த சிறு தகடு இருக்கும். எம்ஜிபியைப் பொறுத்தவரை, 1962 முதல் 1967 வரை, முதல் கியரில் சின்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லாத கியர் பெட்டியோடு வந்தது 'டி' வகை. அதற்குப் பிறகு 1980 வரை, நான்கு கியரிலும் சின்க்ரோமெஷ் உள்ள பெட்டியோடு வந்தது 'எல்ஹெச்' வகை. டிரையம்ப் டிஆர் வரிசையின் தொடக்கக் காலக் கார்களிலும் ஆஸ்டின்-ஹீலியிலும் 'ஏ' வகை, பிற்கால டிரையம்ப் கார்களில் 'ஜே' வகை.

காரின் ஆண்டை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். ஐம்பது ஆண்டுகளில் கியர் பெட்டி எத்தனை முறை மாறியதோ யாருக்குத் தெரியும்? தகட்டை நேரில் பார்ப்பதுதான் சரி.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

முதலில் ஓட்டுநர் கையேடு, உங்கள் ஆண்டுக்கு உரியது. மறுபதிப்பாகவே கிடைக்கிறது. எண்ணெய் வகையும் கொள்ளளவும் அதில் இருக்கும். அடுத்து பணிமனைக் கையேடு. ஓவர்டிரைவுக்குள் எண்ணெயை வடிகட்டும் சல்லடையை எப்படிக் கழற்றுவது என்ற படம் இதில்தான் உண்டு. மூன்றாவது, முந்தைய உரிமையாளரின் ரசீதுக் கட்டு. இதைக் கேட்டு வாங்காமல் பழைய கார் வாங்காதீர்கள். என் காரின் நோயை எனக்குச் சொன்னது அந்தக் கட்டில் இருந்த ஒரே ஒரு தாள்.

வி5சி பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கும், கியர் பெட்டியைப் பற்றி எதுவும் இருக்காது. கார் தொழிற்சாலையிலிருந்து ஓவர்டிரைவோடுதான் வந்ததா என்று தெரிய வேண்டுமானால், கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்டில் கட்டணம் செலுத்தி ஹெரிடேஜ் சான்றிதழ் கேட்கலாம். எண்ணெய் மாற்ற அது தேவையில்லை. காரை விற்கும்போது உதவும்.

இன்னொன்று. 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத காருக்கு எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனை பிரிட்டனில் கட்டாயமில்லை. பலர் அதைச் சலுகை என்று மகிழ்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை காருக்கு அடியில் போய்ப் பார்க்கும் இன்னொருவர் இனி இல்லை என்பதும் அதற்குப் பொருள். அந்த வேலை இப்போது உங்களுடையது.

4. எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது: அதிகம் பேர் சறுக்கும் இடம்

எம்ஜிபி கியர் பெட்டிக்கும் ஓவர்டிரைவுக்கும் உரியது எஞ்சின் எண்ணெய், 20டபிள்யூ-50 (இதுபோன்ற எண்கள் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை). கியர் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயா என்று திகைக்க வேண்டாம். கையேடு அப்படித்தான் சொல்கிறது. ஆஸ்டின்-ஹீலி 3000, ஓவர்டிரைவ் உள்ள வால்வோ அமேசான் ஆகியவற்றுக்கும் எஞ்சின் எண்ணெய்தான், அவற்றுக்கு எஸ்ஏஇ 30 என்று போட்டிருக்கும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், டிஆர் கார்களுக்கோ கையேடு இபி 90 கியர் எண்ணெய் கேட்கிறது. இன்றைக்கு அதை வாங்கும்போது ஜிஎல்-4 தரத்தில் வாங்க வேண்டும்.

ஆக, ஒரே நிறுவனத்தின் ஓவர்டிரைவாக இருந்தாலும் காருக்குக் கார் எண்ணெய் மாறுகிறது. நண்பரின் காருக்கு ஊற்றியதை உங்கள் காருக்கு ஊற்றாதீர்கள்.

வாங்கக் கூடாதவை:

ஜிஎல்-5. பின் அச்சில் இருக்கும் பற்சக்கரங்களுக்காக உருவான எண்ணெய் இது. இதில் இருக்கும் கந்தகச் சேர்மங்களில் சில, பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கும். சின்க்ரோமெஷ் வளையங்கள் அந்த உலோகத்தில் ஆனவை. எம்ஜிபியின் பின் அச்சுக்குக் கையேடு கேட்பது இபி 90 ஹைபாய்ட் எண்ணெய், அங்கே ஜிஎல்-5 சரி. இரண்டு டப்பாக்களும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் ஒரே நிறத்தில் இருக்கும். ஒரே நாளில் இரண்டையும் மாற்றுவதாக இருந்தால் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் 'அச்சு' என்றும் 'கியர்' என்றும் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

உராய்வு குறைக்கும் சேர்மானங்கள் எதுவாக இருந்தாலும் வேண்டாம். மாலிப்டினம் கலந்த புட்டிகள், 'கியர் பெட்டி மென்மையாகும்' என்று விற்கும் கலவைகள் எல்லாம் இதில் அடங்கும். லேகாக் வழிமுறைகளிலேயே இதற்குத் தெளிவான தடை உண்டு. பற்களுக்கு நல்லது செய்யும் அதே கலவை கூம்பு கிளட்சின் பிடியைக் கெடுத்துவிடும். என் கார் வழுக்கியது இதனால்தான்.

புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற நீர்த்த எண்ணெய்களும் வேண்டாம். சூடேறியதும் தேய்ந்த சீல்கள் வழியே கசிந்து, பம்பு அழுத்தத்தைக் கட்ட முடியாமல் திணறும். பழைய கார்களுக்கென்றே விற்கும் சாதாரண 20டபிள்யூ-50 போதும். விலையும் குறைவு.

இப்போது உள்ளே இருப்பது என்ன எண்ணெய் என்று தெரியாவிட்டால் டிப்ஸ்டிக்கை (எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள். கியர் எண்ணெயில் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். எஞ்சின் எண்ணெயில் அது இருக்காது. என் காரில் கம்பள விரிப்பை விலக்கி ரப்பர் மூடியை எடுத்ததுமே காருக்குள் முழுவதும் தீக்குச்சி கிழித்ததுபோல் வாடை வந்தது.

5. செலவும் சாமான்களும்

எனக்கு ஆன செலவு: 5 லிட்டர் எண்ணெய் 32 பவுண்டு, கேஸ்கெட்டும் வாஷரும் 6 பவுண்டு, உயர்த்திய காரைத் தாங்கி நிறுத்தும் நான்கு தாங்கு கால்கள் 45 பவுண்டு, எண்ணெய் பிடிக்கும் அகன்ற தட்டு 12 பவுண்டு. மொத்தம் 95 பவுண்டு. அடுத்த முறை எண்ணெயும் கேஸ்கெட்டும் மட்டும்தான்.

இதற்கு எதிராக ஒரு கணக்கு. ஓவர்டிரைவைப் பழுதுபார்க்க நான் விசாரித்த இடத்தில் 600 பவுண்டுக்கு மேல் கேட்டார்கள், கழற்றி மாட்டும் கூலி தனி. எம்ஜிபியில் கியர் பெட்டியை மட்டும் தனியே இறக்க முடியாது. எஞ்சினும் சேர்ந்து வெளியே வர வேண்டும். 32 பவுண்டு எண்ணெயில் தவறு செய்தால் எங்கே போய் முடியும் என்று பாருங்கள்.

இவை தவிர நீண்ட குழாய் வைத்த புனல், மண்ணெண்ணெய் கொஞ்சம், பழைய பல் துலக்கி, நூல் உதிராத துணி, கைப்பேசிக் கேமரா. ஸ்பேனர்கள் அங்குல அளவில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முக்கினால் போல்ட்டின் தலை உருண்டுபோகும்.

6. காரை உயர்த்துதல்

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அடியில் தேங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். கை சுடும் சூட்டில் தொடாதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள். பிறகு நான்கு தாங்கு கால்களிலும் காரைச் சமமாக நிறுத்துங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் எண்ணெய் மட்டம் பொய் சொல்லும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

7. வடித்தலும் சல்லடையும்

எதையும் வடிக்கும் முன், எண்ணெய் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். 1970களின் பிற்பகுதிக் கார்களில் டிப்ஸ்டிக் கிடையாது. கியர் பெட்டியின் பக்கவாட்டில், எண்ணெய் ஊற்றவும் மட்டம் பார்க்கவும் ஒரு மட்ட அடைப்பான் இருக்கும், பல ஆண்டுகள் தொடப்படாமல் இறுகியிருக்கும். வடித்த பிறகு அது திறக்கவில்லை என்றால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். டிப்ஸ்டிக் உள்ள கார்களில் அது கியர் பெட்டி மேட்டில், விரிப்புக்கு அடியில், ஒரு ரப்பர் மூடியின் கீழ் இருக்கும். சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

கியர் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றுங்கள். பெரும்பாலான எண்ணெய் இதில் இறங்கிவிடும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் வார இறுதியில் நானும் இப்படித்தான் நிறுத்தினேன். ஓவர்டிரைவுக்குள் பழைய எண்ணெய் தங்கிவிட்டது. புதியதோடு அது கலந்ததால் வழுக்கல் நிற்கவே இல்லை.

எல்ஹெச் வகையில் ஓவர்டிரைவின் அடியில் சிறு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் சல்லடை கைக்கு வரும். டி வகையில் பெரிய அடைப்பான் ஒன்றுதான், சல்லடை அதற்குப் பின்னால் இருக்கும். மூடியை இறக்கும்போது தட்டை நேர்கீழே பிடியுங்கள், மிச்ச எண்ணெய் ஒரே வீச்சில் கொட்டும்.

மூடியின் உட்புறத்தில் இரண்டு சிறு காந்தங்கள். என் காரில் அவற்றின் மேல் குழைத்த விபூதிபோல் சாம்பல் நிறப் பசை விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தால் நெருடவில்லை, மாவாகக் கரைந்தது. இது இயல்பான தேய்மானம்தான், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது மூன்று. ஒன்று, ஜரிகைத் துகள்போல் மஞ்சளாக மினுக்கும் தூள் நிறைய இருந்தால் வெண்கலப் பாகங்கள் தேய்கின்றன. இரண்டு, நகத்தில் நெருடும் இரும்புச் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. மூன்று, கருப்பு நாராகவோ செதிலாகவோ இருந்தால் கூம்பின் உராய்வுப் பட்டை உரிகிறது. இவற்றில் எது இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு, ஓவர்டிரைவ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.

சல்லடையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கியால் மெல்லத் தேயுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எல்லாக் கண்ணும் தெரிய வேண்டும். துணியால் உள்ளே துடைக்காதீர்கள். ஒரு நூல் போதும், வால்வை அடைத்துவிடும்.

மூடிக்கு மேலே சிறு துளைகள் கொண்ட வட்ட அடைப்பான்கள் சில தெரியும். பம்பு வால்வும் அழுத்த வால்வும் அவற்றுக்குள் இருக்கின்றன. இன்றைய வேலைக்கு அவற்றைத் தொட வேண்டியதில்லை. ஏ, டி வகைகளில் வால்வைத் திறக்கும் தேவை என்றாவது வந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு, மின்சாவியைப் போட்டு, நான்காவது கியரில் வைத்து, ஓவர்டிரைவ் சுவிட்சைப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டு எடுத்த பிறகே தொட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தேங்கிய அழுத்தத்தில் எண்ணெய் பீறிட்டு அடிக்கும்.

புதிய கேஸ்கெட் வைத்து மூடியைப் பூட்டுங்கள். ஓவர்டிரைவின் கூடு அலுமினியக் கலவை. எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முழுபலத்தையும் காட்டினால் மரை உரிந்துவிடும். பூட்டி முடித்த பிறகு ஒருமுறை தள்ளி நின்று, கழற்றிய எல்லாம் மீண்டும் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

8. ஊற்றுதல்

எல்ஹெச் ஓவர்டிரைவ் உள்ள எம்ஜிபியின் கொள்ளளவு 6 பைன்ட், அதாவது சுமார் 3.4 லிட்டர். ஆனால் வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும். முழு அளவையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் அளவு மீறும். மீறிய எண்ணெய் சீல்கள் வழியே வெளியேறி, முன்பக்கமாக வந்தால் கிளட்ச் தட்டை நனைக்கும். என் காரில் முதலில் ஏறக்குறைய 3 லிட்டர்தான் ஏறியது.

மெதுவாக ஊற்றுங்கள். கியர் பெட்டியிலிருந்து ஓவர்டிரைவுக்கு எண்ணெய் நகர நேரம் பிடிக்கும். மட்டம் சரியாகக் காட்டியதும் நிறுத்தி, பதினைந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் பாருங்கள், இறங்கியிருக்கும். ஓட்டி வந்த பிறகு மூன்றாவது முறையும் பார்க்க வேண்டும். ஓவர்டிரைவ் ஒருமுறை இயங்கிய பிறகு காட்டும் மட்டம்தான் உண்மையான மட்டம்.

9. ஓட்டிப் பார்த்தல்

ஆளில்லாத சாலையில் நான்காவது கியரில் 40 மைல் வேகத்துக்கு வந்ததும் ஓவர்டிரைவைப் போட்டு எடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். பிறகு 60 மைல் வேகத்தில் சுழற்சிமானியைப் பாருங்கள். ஓவர்டிரைவ் பிடித்ததும் ஏறத்தாழ 600 சுற்று குறைய வேண்டும். என் காரில் ஊசி 3,300ஐ ஒட்டியிருந்து 2,700க்கு இறங்கியது. கால் முடுக்கியில் இருக்கும்போதே போடுங்கள், கிளட்சை மிதிக்கத் தேவையில்லை.

கூம்பின் பட்டையில் ஊறியிருக்கும் பழைய கலவை ஒரே நாளில் போகாது. கெட்ட எண்ணெய் இருந்த காருக்கு 300 மைல் கழித்து இன்னொரு முறை மாற்றுங்கள். எனக்கு இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகுதான் வழுக்கல் முழுமையாக நின்றது.

சுவிட்சைப் போட்டும் எதுவுமே நடக்காவிட்டால் எண்ணெயைச் சந்தேகிக்கும் முன் மின்சுற்றைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, மின்சாவியை மட்டும் போட்டு, நான்காவது கியரில் சுவிட்சைத் தட்டினால் அடியிலிருந்து 'டக்' என்ற ஒலி வர வேண்டும். வராவிட்டால் கம்பியிலோ, கியர் பெட்டியின் மேலிருக்கும் தடுப்பு சுவிட்சிலோ, சொலினாய்டிலோ கோளாறு. குளிர்ந்திருக்கும்போது பிடித்து, சூடேறியதும் விட்டுவிடுகிறது என்றால் முதலில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தால் பம்போ சீலோ தேய்ந்திருக்கிறது.

10. பின்னோக்கி எடுக்கும் முன்

ஓவர்டிரைவ் பிடித்தபடியே விடாமல் நின்றுவிட்டால் காரைப் பின்னோக்கி எடுக்கவே கூடாது. ஒரு திசையில் மட்டும் சுழலும் உருளை கிளட்ச் உள்ளே இருக்கிறது. அந்நிலையில் ரிவர்ஸ் போட்டால் அது நொறுங்கிவிடும். சந்தேகம் வந்தால் முன்னோக்கியே ஓட்டி வீடு சேருங்கள், வாசலில் முன்பக்கமாகவே நிறுத்துங்கள். பின்னால் நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நியூட்ரலில்கூடத் தள்ளாதீர்கள். முதலில் ஓவர்டிரைவை விடுவிக்க வழி பாருங்கள்.

11. பழைய எண்ணெயும் பதிவும்

வடித்ததை மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, உங்கள் நகராட்சியின் மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய எஞ்சின் எண்ணெய்க்கென்று அங்கே தனித் தொட்டி இருக்கும். சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படி குற்றம்.

தேதி, மைல் கணக்கு, எண்ணெயின் வகை, ஊற்றிய அளவு, சல்லடையின் படம் எல்லாவற்றையும் ரசீதோடு சேர்த்து வையுங்கள். கார் எப்போதாவது வேறொரு பணிமனைக்குப் போகலாம், அங்கே உங்கள் கோப்பை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அதனால் டிப்ஸ்டிக்கின் கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கம்பியால் கட்டியிருக்கிறேன். அதில் ஆணியால் கீறி எழுதியிருப்பது: '20டபிள்யூ-50 மட்டும். ஓவர்டிரைவ் உண்டு. வேறெதுவும் சேர்க்க வேண்டாம்.'